600 சதுர அடி ஃபிளாட்டுக்கு எந்த ரோபோ? ஐந்து வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவும்

சென்னையில் வேளச்சேரியோ போரூரோ பெரம்பூரோ, ஒன்று அல்லது இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் இருப்பவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "12,000 ரூபாய்க்கும் வீடு பெருக்கும் ரோபோ இருக்கு, 60,000 ரூபாய்க்கும் இருக்கு. இத்தனூண்டு வீட்டுக்கு எதை வாங்கறது? இல்லை, வாங்கவே வேண்டாமா?"

சின்ன வீடுதானே, மலிவானதே போதும் என்று தோன்றும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழ். பெரிய, காலியான ஹாலில் எந்த ரோபோவும் எப்படியாவது வேலையை முடித்துவிடும். சின்ன வீட்டில்தான் அடிக்கு ஒரு தடை: நாற்காலிக் கால், கேஸ் சிலிண்டர், 20 லிட்டர் தண்ணீர் கேன், துணி உலர்த்தும் ஸ்டாண்ட், செருப்பு ரேக், கட்டிலடியில் தள்ளிவைத்த சூட்கேஸ். இதையெல்லாம் தெரிந்துகொண்டு சுற்றிவரும் ரோபோவுக்கும், முட்டி முட்டித் திரும்பும் ரோபோவுக்கும் இங்கேதான் வித்தியாசம் தெரியும். அதே சமயம், மிக விலையுயர்ந்த மாடல்களின் வசதிகளில் பாதி சின்ன வீட்டுக்குத் தேவையே இல்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

தரையில் எவ்வளவு காலி இடம். பெரும்பாலான ரோபோக்களின் விட்டம் 32 முதல் 35 செ.மீ. தலையில் லைடார் கோபுரம் (லேசரால் தூரம் அளக்கும் பகுதி) இருந்தால் உயரம் 9.5 முதல் 10 செ.மீ., இல்லாவிட்டால் 7.5 முதல் 8.5 செ.மீ. பழைய கொரியர் பெட்டியில் 35 செ.மீ. விட்டத்துக்கு ஒரு அட்டை வட்டம் வெட்டுங்கள். அதன்மேல் 10 செ.மீ. உயரத்துக்கு ஒரு டப்பாவை ஒட்டிக்கொண்டு, கட்டிலடி, சோபாவடி, பீரோவடி, டைனிங் நாற்காலிக் கால்களுக்கு நடுவே என்று எல்லா இடத்திலும் தள்ளிப்பாருங்கள். தாராளமாகப் போனால் சரி. சுத்தமாகப் போகாவிட்டாலும் சரி, ரோபோ சுற்றிக்கொண்டு போய்விடும். சிக்கல் நடுவில் இருப்பதில்தான்: உரசிக்கொண்டே உள்ளே போனால் ரோபோவும் அப்படித்தான் போய் மாட்டிக்கொண்டு, நடு மதியத்தில் உதவிக்குக் குரல் கொடுக்கும். சோபாவுக்கு அடியில் தைத்த துணி தொய்ந்திருக்கிறதா என்று கையை விட்டும் பாருங்கள். டேப் வைத்து அளந்தால் 11 செ.மீ. காட்டும், துணி தொங்குவது 9 செ.மீ.-இல் இருக்கும்.

நிலைப்படியும் கறுப்பு கிரானைட்டும். பெரும்பாலான ரோபோக்கள் 2 செ.மீ. வரைதான் ஏறும். புது ஃபிளாட்களில் அறைகளுக்கு நடுவே மேடு இருப்பதில்லை. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் சில பழைய ஃபிளாட்களில் அறைக்கு அறை மரச்சட்டம் காலடியில் ஓடும். அங்கே ரோபோவைத் தூக்கித்தான் அடுத்த அறையில் விட வேண்டும். இதைவிட எதிர்பாராத தொல்லை, கதவடியில் பதித்த பளபளக்கும் கறுப்பு கிரானைட் பட்டை. ரோபோவின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சார்கள் உண்டு. அவை அகச்சிவப்பு ஒளியைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கறுப்புக் கல்லில் ஒளி போதுமான அளவு திரும்பாது. ரோபோ அதைப் படிக்கட்டு என்று நினைத்து, தாண்டாமல் திரும்பிவிடும். வெளிர் நிறத் தரை டேப்பை அந்தப் பட்டையின் மேல் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சென்சாரையே மூடி ஒட்டச் சொல்லும் யோசனை ஒன்றும் சுற்றுகிறது. பாத்ரூம் தரை தாழ்ந்திருக்கும் நம் வீடுகளில் அதைச் செய்தால், ரோபோ ஈரத்தில் குப்புற விழும்.

என்ன குப்பை. நம் வீட்டுக் குப்பையில் மூன்று இனம் ரோபோவுக்கு ஆகாது. முதலாவது, நீளமான தலைமுடியும் பூச்சரத்திலிருந்து உதிரும் வாழைநாரும். இவை பிரஷ்ஷில் சுற்றி இறுகும். இரண்டாவது, கோலமாவு, விபூதி, கட்டுமானத் தூசி போன்ற நைசான பொடி. இது ஃபில்டரை அடைக்கும். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை பல சாலைகளில் நடக்கிறது. அந்தச் சாலைகளை ஒட்டி இருப்பவர்கள் ஃபில்டரை மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அடிக்கடி தட்ட வேண்டியிருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் மணலோடு உப்புக் காற்றும் சேரும். அங்கே சார்ஜிங் தகடுகளில் படலம் படியும், வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் "சார்ஜ் ஆகவில்லை" என்று நிற்கும். மூன்றாவது, ஈரம். சிந்திய சாம்பார், குழந்தை கொட்டிய பால் எதுவானாலும் சாதாரண ரோபோ அதை உறிஞ்சாது, வீடு முழுக்க இழுத்துப் பூசும்.

தண்ணீர். துடைக்கும் வசதி உள்ள ரோபோவில் இது பெரிய விஷயம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் உப்பு. சின்ன பம்ப்பும் மெல்லிய குழாயும் சில மாதங்களில் வெள்ளை படிந்து அடைக்கும். டேங்க் 200, 300 மி.லி.தான் பிடிக்கும் என்பதால் குடிக்கிற ஆர்ஓ தண்ணீரையே ஊற்றிவிடலாம். ஆர்ஓவிலிருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று இதில் ஊற்றுபவர்கள் உண்டு. அது மூலத் தண்ணீரைவிட உப்பு அதிகம், பாத்ரூம் கழுவ மட்டும் வையுங்கள். ஃபினாயிலும் வேண்டாம். பெரும்பாலான கம்பெனிகள் வெறும் தண்ணீர் அல்லது தங்கள் சொந்தத் திரவம் மட்டுமே அனுமதிக்கின்றன, வேறு ஊற்றிப் பம்ப் போனால் வாரண்டியும் போகும்.

டாக் (ரோபோ வந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடை) வைக்க இடம். கையேடுகள் பொதுவாகக் கேட்பது இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் காலி இடம். 600 சதுர அடியில் இது சும்மா கிடைக்காது. டிவி ஸ்டாண்டுக்குக் கீழே, கட்டிலுக்குப் பக்கவாட்டில், பிளக் பாயின்ட்டோடு சேர்த்து இப்போதே ஓர் இடம் தேடுங்கள். செருப்பு ரேக் பக்கத்து இடம் கைக்கு வசதி, ஆனால் வழியில் போகும் செருப்பெல்லாம் டாக்கை மறைக்கும்.

பார்க்கத் தேவையில்லாதவை இரண்டு. ஒன்று, உறிஞ்சும் திறனைச் சொல்லும் பாஸ்கல் எண். டைல்ஸ், மொசைக் தரைக்கு 2,500 முதல் 4,000 போதும். 10,000, 15,000 என்பதெல்லாம் தடித்த கம்பளம் விரித்த வீடுகளுக்கான பேச்சு. இன்னொன்று, "180 நிமிடம் ஓடும் பேட்டரி". கட்டில், பீரோ, பாத்ரூம் கழித்தால் 600 சதுர அடியில் பெருக்க வேண்டிய தரை 350 சதுர அடிதான் தேறும். அரை மணி முதல் முக்கால் மணிக்குள் முடிந்துவிடும்.

## மூன்று வருடக் கணக்கு

மாடலுக்கு மாடல் விலை மாறும், பண்டிகைத் தள்ளுபடியில் இன்னும் மாறும். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள், ஒவ்வொரு வழியும் என்ன என்பது அட்டவணைக்குப் பிறகு வருகிறது. உங்கள் மாடலின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

| வழி | வாங்கும் விலை | 3 வருட உதிரிகள், பைகள், திரவம் | பேட்டரி மாற்றம் | மாதத்துக்கு |
|---|---|---|---|---|
| ஜைரோ ரோபோ | 12,000 | 4,500 | 2,500 | சுமார் 530 |
| லைடார் ரோபோ | 24,000 | 6,000 | 3,000 | சுமார் 920 |
| லைடார் + குப்பை டாக் | 38,000 | 15,000 | 3,000 | சுமார் 1,560 |
| மாப் கழுவும் ஸ்டேஷன் | 65,000 | 24,000 | 3,000 | சுமார் 2,560 |
| ஸ்டிக் வாக்குவம் (கையால் ஓட்டுவது) | 15,000 | 3,000 | 4,000 | சுமார் 610 |

கரண்ட் செலவு இந்த அட்டவணையில் இல்லை, ஏனென்றால் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஒரு முழு சார்ஜுக்கு 0.1 யூனிட்கூட ஆகாது. தினமும் பாதி பேட்டரி செலவானால் இரண்டு மாதத்துக்கு 3 யூனிட். வேடிக்கை என்னவென்றால், சும்மா நிற்கும் டாக் அதைவிட அதிகம் சாப்பிடும். 3 வாட் என்று வைத்தாலும் 60 நாளுக்கு 4.3 யூனிட். வெந்நீர், சூடான காற்று உள்ள பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் இது கூடும். காயவைக்கும் ஹீட்டர் 50 வாட், தினமும் 3 மணி நேரம் என்றால் இன்னொரு 9 யூனிட். இலவச யூனிட் வரம்பின் ஓரத்திலேயே பில்லை வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

## முதல் வழி: ஜைரோ ரோபோ, சுமார் 9,000 முதல் 14,000 வரை

இதற்குக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, உடம்பு எவ்வளவு திரும்பியது என்பதை வைத்து "இப்போது இங்கே இருக்கிறேன்" என்று கணக்குப் போட்டு, நேர்கோடாக முன்னும் பின்னும் போகும். மிதியடியில் சக்கரம் வழுக்கினாலோ, நாற்காலிக் காலில் இரண்டு தடவை முட்டினாலோ கணக்கு தப்பிவிடும். பெருக்கிய இடத்தையே பெருக்கும், பக்கத்து அறையை மறந்துவிடும்.

பல மாடல்கள் வரைபடத்தைச் சேமிப்பதில்லை. பூஜை மூலையில் நுழையாதே என்று ஆப்பில் கோடு போட முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டியையோ ஸ்டூலையோ குறுக்கே வைக்க வேண்டும், அதுவும் கனமானதாக. பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டே போய்விடும்.

ஆனாலும் இது சரியான தேர்வாக இருக்கும் வீடு உண்டு. ஒரே அறை, ஒரு கிச்சன், சாமான் குறைவு, தனியாளோ இரண்டு பேரோ. கட்டிலடி 8.5, 9 செ.மீ.தான் இருக்கிறது, கோபுரம் வைத்தது நுழையாது என்ற நிலையிலும் இதுதான் கைகொடுக்கும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். 20 நிமிடத்தில் பெருக்கிவிடும். இப்படிப் பயன்படுத்துபவர்களிடம் புகார் குறைவு. "நான் ஆபீசில் இருக்கும்போது வீட்டைப் பெருக்கட்டும்" என்று வாங்கினால், சாயங்காலம் வந்ததும் அதைக் கட்டிலடியில் தேட வேண்டியிருக்கும்.

## இரண்டாம் வழி: லைடார் ரோபோ, சுமார் 18,000 முதல் 30,000 வரை

சின்ன ஃபிளாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் நம் பரிந்துரை. தலையில் சுழலும் லேசர், சுவரும் சாமானும் எத்தனை தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து வரைபடம் போடுகிறது. இருட்டிலும் வேலை செய்யும். வரைபடம் சேமிக்கப்படுவதால் "கிச்சன் மட்டும்", "டைனிங் டேபிளடி மட்டும்" என்று அனுப்பலாம். சின்ன வீட்டில் இதுதான் உண்மையான வசதி. டிபன் முடிந்த பத்தாவது நிமிடம் மேஜையடியை மட்டும் பெருக்க 5 நிமிடம் போதும்.

நுழையக்கூடாத இடங்களைக் கோடு போட்டு அடைத்துவிடலாம்: பூஜை அலமாரியின் முன்னால், மாவுக்கோலம் போடும் வாசலின் உள்பக்கம், வயர்கள் குவிந்த டிவி மூலை, குஞ்சம் வைத்த மிதியடி. பாயை மட்டும் சுருட்டி வைப்பதே நல்லது. கோரைப்பாயின் ஓரத்தை பக்கவாட்டு பிரஷ் பிரித்தெடுத்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிடலாம். லேசர் கோபுரத்தின் உயரத்தில் உள்ளதைத்தான் அது பார்க்கும். தரையில் கிடக்கும் சார்ஜர் வயர், சாக்ஸ், ரப்பர் பேண்ட், ஹேர்பின் எதுவும் அதற்குத் தெரியாது. முன்பக்கத்தில் கேமராவோ தனி சென்சாரோ வைத்த மாடல்கள் கொஞ்சம் தேவலை, அவையும் மெல்லிய வயரைத் தவறவிடுவதுண்டு. தரைவரை இறங்கும் கண்ணாடி வைத்த அலமாரி இருந்தால், கண்ணாடிக்குள் இன்னொரு அறை இருப்பதாக வரைபடம் போடும். அதன் முன்னால் ஆப்பில் ஒரு தடைக்கோடு போட்டுவிடுங்கள்.

மறைமுகச் செலவு பணம் அல்ல, கை. குப்பைப் பெட்டி 300, 400 மி.லி.தான் பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, நீள முடி உள்ளவர்கள் இருந்தால் தினமும், காலி செய்ய வேண்டும். இதற்கு 40 விநாடி ஆகும். அந்த 40 விநாடியை மிச்சம்பிடிக்கத்தான் அடுத்த வழியில் கூடுதலாக 14,000 ரூபாய் கேட்கிறார்கள்.

இதில் வரும் மாப் வசதியைப் பற்றி நிதானமாக எதிர்பாருங்கள். பின்னால் ஒட்டிய ஈரத்துணியை இழுத்துப் போகிறது, அவ்வளவே. கால்தடமும் மெல்லிய தூசியும் போகும். அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கு போகாது. வாரம் ஒருமுறை கையால் துடைப்பதை இது நிறுத்தாது, தினமும் துடைப்பதை நிறுத்தும். ஓடி முடிந்ததும் துணியைக் கழற்றி அலசிக் காயப்போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் அப்படியே விட்டாலும் அடுத்த நாள் வீடெங்கும் நாற்றத்தைப் பூசிக்கொண்டு வரும். இரண்டு ஜோடித் துணி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

## மூன்றாம் வழி: தானே குப்பை கொட்டும் டாக், சுமார் 28,000 முதல் 50,000 வரை

ரோபோ திரும்பி வந்ததும் டாக்கில் உள்ள இன்னொரு மோட்டார், ரோபோவின் பெட்டியில் இருப்பதை உறிஞ்சி 2.5, 3 லிட்டர் பைக்குள் போட்டுவிடும். "60 நாள் குப்பையைத் தொட வேண்டாம்" என்று விளம்பரம் சொல்லும்.

சென்னையில் இந்த 60 நாள் நடக்காது. பையில் போவது வெறும் தூசியல்ல. சோற்றுப் பருக்கை, மிக்சர் தூள், பிஸ்கெட் துணுக்கு, உதிர்ந்த பூ எல்லாம் உள்ளே போய், மூடிய பையில், நம் ஊர் வெக்கையிலும் ஈரக்காற்றிலும் கிடக்கும். மூன்றாவது வாரம் டாக்கின் மூடியைத் திறந்தால் புளிப்பு வாடை. சுவரோரம் பார்த்தால் எறும்பு வரிசை டாக்கின் பின்பக்கத் துளைக்குள் போய்க்கொண்டிருக்கும். டாக்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வெதுவெதுப்பான சந்து கரப்பான்பூச்சிக்கு நல்ல இடம். குறைந்தது மாதம் ஒரு பை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேலே அட்டவணையில் வருடத்துக்கு 12 பை, ஒன்று 250 ரூபாய் என்றுதான் போட்டிருக்கிறது. கம்பெனிப் பையைவிட மலிவான வெளிப் பை வாங்கும்போது, வாய்ப்பகுதி அட்டை சரியாக உட்காருகிறதா பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் தூசி மோட்டாருக்குள் போகும்.

சத்தம் இன்னொன்று. காலி செய்யும் 10, 15 விநாடி மிக்ஸி ஓடுவது போலக் கேட்கும். ஹாலும் பெட்ரூமும் ஒட்டிக்கிடக்கும் வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் இது வேண்டாம். நல்லவேளையாக, காலி செய்யும் நேரத்தை ஆப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி பல மாடல்களில் இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு? தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு. பெட்டியைத் தட்டும்போது முகத்துக்கு நேரே கிளம்பும் தூசி அவர்களுக்கு உண்மையான பிரச்சினை, மூடிய பை அதைத் தீர்க்கிறது. குனிய முடியாத பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கும் சரி. முடி அதிகம் உதிர்க்கும் நாய், பூனை இருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு, 600 சதுர அடியில் அந்தக் கூடுதல் பணம் வீண் என்பதே நம் கருத்து.

## நான்காம் வழி: மாப்பையும் கழுவும் ஸ்டேஷன், சுமார் 50,000-க்கு மேல்

சுத்தம் செய்வதில் இதற்குக் குறை சொல்ல முடியாது. துடைக்கும் துணி நடுவழியிலேயே திரும்பி வந்து அலசிக்கொண்டு போவதால், அழுக்குத் தண்ணீரை வீடெல்லாம் இழுப்பதில்லை. ஆனால் ஸ்டேஷன் கிட்டத்தட்ட ஒரு சின்ன வாஷிங் மெஷின் மாதிரி இடம் பிடிக்கும். நல்ல தண்ணீர் டேங்க், அழுக்குத் தண்ணீர் டேங்க் என்று இரண்டு. அழுக்குத் தண்ணீரை இரண்டு நாளுக்கு மேல் விட்டால் கொசுவும் நாற்றமும். கழுவும் தட்டில் படியும் சேற்றை வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இதற்கு 3, 4 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதும் கட்டுப்படியாகாது, குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு படியும்.

உங்கள் ஏரியாவில் குழாயில் மெட்ரோ தண்ணீரே (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறது, வீட்டில் தவழும் குழந்தை, தினமும் துடைத்தே ஆக வேண்டும், வேலைக்கு ஆள் இல்லை. இவை நான்கும் பொருந்தினால் யோசிக்கலாம்.

## ஐந்தாம் வழி: ரோபோ வேண்டாம், ஸ்டிக் வாக்குவமும் மாப்பும்

இந்த வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஆனால் தரை எப்போதும் நிறைந்திருக்கும் வீட்டுக்கு இதுதான் பதில். ரோபோ ஓட வேண்டுமானால் முதலில் யாராவது செருப்பை ஒதுக்கி, வயரைத் தூக்கி, நாற்காலியை மேஜைமேல் கவிழ்த்து, பொம்மையைக் கூடையில் போட வேண்டும். இதற்கு 10 நிமிடம் ஆகிறது என்றால், அதே 10, 12 நிமிடத்தில் ஸ்டிக் வாக்குவத்தால் 350 சதுர அடியையே முடித்துவிடலாம். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் தினமும் இந்த ஒதுக்கும் வேலையை மட்டும் செய்து, கடிகாரத்தைப் பாருங்கள். 3 நிமிடத்துக்குள் முடிந்தால் ரோபோ. 8 நிமிடத்தைத் தாண்டினால் ஸ்டிக்.

ரோபோ தொடாத இடங்களும் இதற்கு எட்டும்: கொசுவலை ஜன்னல், சீலிங் ஃபேன் இறக்கை, பரண், சோபா இடுக்கு, கட்டில் மெத்தை. குறை, கை வலி. எடை 2.5, 3 கிலோ, அதில் பெரும்பகுதி மணிக்கட்டில் விழும். முழு வேகத்தில் பேட்டரி 8, 10 நிமிடம்தான் நிற்கும், சாதாரண வேகத்தில் 20 முதல் 40 நிமிடம். டைல்ஸ் தரைக்குச் சாதாரண வேகமே போதும்.

வீட்டு வேலைக்கு ஒரு அக்கா வருகிறார் என்றால் கணக்கு வேறு. பெருக்கித் துடைக்க மட்டும் மாதம் 2,000 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், லைடார் ரோபோவின் 920 லாபமாகத் தெரியும். ஆனால் ரோபோ மூலையைச் சரியாகப் பெருக்காது, பால்கனியைத் தொடாது, பாத்ரூம் கழுவாது, பாத்திரம் தேய்க்காது. அவரை நிறுத்திவிட்டு ரோபோ வாங்கியவர்கள், இரண்டு மாதத்தில் பாத்ரூமுக்காக மறுபடி ஆள் தேடுகிறார்கள். தினப் பெருக்கலை ரோபோவிடம் விட்டு, அக்காவிடம் வாரம் இரண்டு நாள் ஆழமாகத் துடைப்பதையும் பாத்ரூமையும் கேட்டுக்கொள்வது இரண்டு பக்கமும் ஒத்துவரும். சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றிக் கேளுங்கள்.

## வாங்கினபிறகு முதல் இரண்டு வாரம்

பம்பரின் இரண்டு பக்கமும் செருகியிருக்கும் ஃபோம் துண்டுகளை எடுக்க மறப்பதுதான் முதல் நாள் புகார்களில் பலவற்றுக்குக் காரணம். அடுத்தது வைஃபை. பெரும்பாலான ரோபோக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும். ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸும் ஒரே பெயரில் இருந்தால், இணைக்கும்வரை அதை அணைத்துவையுங்கள். முதல் ஓட்டத்தில் எல்லாக் கதவையும் திறந்து, பாத்ரூம் கதவைச் சாத்தி, நீங்கள் நடமாடாமல் வரைபடம் போட விடுங்கள். உங்கள் காலையும் அது நாற்காலிக் காலாக எண்ணிக்கொள்ளும்.

ஓடும்போது சீலிங் ஃபேனைக் குறையுங்கள். ஃபேன் காற்றில் உதிர்ந்த முடிச் சுருள் ரோபோவுக்கு முன்னால் உருண்டு ஓடி, ரோபோ போகாத மூலையில் போய் உட்காரும். கிச்சனுக்கு மெதுவான வேகம் வையுங்கள். கடுகும் அரிசியும் பக்கவாட்டு பிரஷ்ஷில் பட்டால் கேரம் காய் மாதிரி தெறிக்கும்.

நேரத்தை முடிவு செய்யும்போது வீட்டுப் பெரியவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு வைத்தபிறகு பெருக்கக்கூடாது என்பவர்கள் இருந்தால் 5 மணிக்குள் முடிகிற மாதிரி வையுங்கள். ஊருக்குக் கிளம்பியவர் பஸ் ஏறுவதற்குள் ஆப்பிலிருந்து ரோபோவைத் தட்டிவிட்டு, அதற்காகவும் திட்டு வாங்க வேண்டாம்.

வாரப் பராமரிப்பு 5 நிமிடம். ரோபோவைக் கவிழ்த்து, நடு பிரஷ்ஷை வெளியே எடுத்து, முடியையும் வாழைநாரையும் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி உரியுங்கள். பிரஷ்ஷின் இரண்டு நுனி மூடிகளையும் கழற்றுங்கள். முடி இறுகிச் சுற்றி மோட்டாரைக் கெடுப்பது அங்கேதான், பலர் அதைத் திறப்பதே இல்லை. முன்சக்கரத்தைக் கையால் இழுத்தால் வந்துவிடும், அதன் அச்சில் சுற்றிய முடியையும் எடுங்கள். சுற்றாத முன்சக்கரம் டைல்ஸில் கோடு போடும். ஃபில்டரைக் குப்பைத்தொட்டியின் விளிம்பில் தட்டுங்கள். கழுவலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் கழுவி, 24 மணி நேரம் நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். ஈர ஃபில்டரை மாட்டினால் தூசி களிமண்ணாகி அடைத்துக்கொள்ளும்.

ஆப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2023-இல் நீட்டோ என்ற ரோபோ கம்பெனி மூடப்பட்டது. 2002-இல் ரூம்பாவைக் கொண்டுவந்த ஐரோபாட் கம்பெனியே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டது. கம்பெனி போனால் ஆப்பும் நின்றுபோகலாம், ஆகவே வாங்கும்போதே, இணையம் இல்லாமல் பட்டனை அழுத்தினால் முழு வீட்டையும் பெருக்குமா என்று பாருங்கள். பேட்டரிக்குத் தனியாக எத்தனை மாத வாரண்டி, சர்வீஸுக்கு வீட்டுக்கு வருவார்களா, கொரியரில் அனுப்ப வேண்டுமா என்பதையும் உங்கள் பின்கோடு சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிக்கொள்ளும் கெடு பல கடைகளில் ஒரு வாரம்தான். அதற்குள் கறுப்பு கிரானைட், கட்டிலடி, ஏற வேண்டிய நிலைப்படி மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் அதுவரை பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். கொரியர் சர்வீஸ் என்றால், வாரண்டி முடியும்வரை பரணில் கிடக்கட்டும்.